அங்கன்வாடியிலிருந்து முண்டியம்பாக்கம் வரை: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அரசு தர வேண்டியதைக் கேட்டுப் பெறுதல்

இரண்டு வயது தாண்டியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிப் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் சமாதானம், “இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான்” என்பது. அடுத்து, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை வேண்டுதல். வேண்டிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை, மனசுக்கும் தெம்பு வேண்டும்தானே. ஆனால் இந்த அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் ஒரு நாள் அங்கன்வாடிக்கும் போய்விடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சி தருகிற பலனை ஆறு வயதில் தொடங்கும் பயிற்சி அதே அளவில் தருவதில்லை. காத்திருப்பதற்குச் செலவு இல்லை என்று தோன்றும். உண்மையில் அதுதான் பெரிய செலவு.

அரசுச் செலவில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியவை பல இருக்கின்றன, ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. பரிசோதனையும் பயிற்சியும் சுகாதாரத் துறையிடம். பள்ளியும் சிறப்பாசிரியரும் கல்வித் துறையிடம். அடையாள அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம். காப்பீடும், பதினெட்டு வயதுக்குப் பிறகு பாதுகாவலர் நியமனமும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ். ஒரு துறையில் பதிவான பிள்ளையின் பெயர் இன்னொரு துறைக்குத் தானாகப் போய்ச் சேராது. இந்த நான்கையும் இணைக்கிற வேலை இன்றைக்குப் பெற்றோர் தலையில்தான் விழுகிறது, அதிலும் பெரும்பாலும் அம்மாவின் தலையில். அது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நியாயம் வரும்வரை பிள்ளை வளராமல் இருக்கப் போவதில்லை. அதனால் எங்கே போக வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

பேச்சு தாமதமாவது ஓர் அறிகுறிதான், ஆனால் அது மட்டுமே பெரிய அறிகுறி அல்ல. ஒரு வயது நிரம்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். வேண்டியதைக் கேட்பதற்கு மட்டும் இல்லாமல், “அங்கே பாரு, காக்கா” என்று நம்மிடம் காட்டி மகிழ்வதற்கும் விரலை நீட்ட வேண்டும். இந்த இரண்டாவது வகைச் சுட்டல் வராமல் இருப்பது முக்கியமான குறிப்பு. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துச் சொம்பின் மேல் வைக்கும் பிள்ளை, முகத்தைப் பார்க்காமல் அதைச் செய்தால் கவனியுங்கள். இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் குடு” என்பதுபோல் இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். வந்துகொண்டிருந்த சொற்கள் எந்த வயதிலாவது நின்றுபோனால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் பார்ப்பது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, ஒரே சோறு ஒரே தட்டு என்று அடம்பிடிப்பது, நுனிக்காலில் நடப்பது ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது ஆட்டிசம் ஆகிவிடாது. பல சேர்ந்து இருந்து, மேலே சொன்ன கூப்பிடலும் சுட்டலும் இல்லையென்றால் பரிசோதனை அவசியம்.

செல்போன் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு. அம்மா வளர்த்த விதத்தால் அது வருவதில்லை. போனைக் குறைப்பது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் மனித முகத்தைப் பார்த்துப் பழகலாம். ஆனால் போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் கதவு: அங்கன்வாடியும் நர்சம்மாவும்

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவரும் செவிலியரும் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ஒரே நாளில் ஒரு மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடை, பல், கண், தோல் என்று பார்த்து முடிக்கும் அவசரத்தில், ஓரமாக உட்கார்ந்து சொப்பு மூடியைச் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை “அமைதியான குழந்தை” என்று கடந்து போய்விடும். அதனால் குழு வரும் தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள். “பேர் சொன்னா திரும்ப மாட்டேங்கறான் டாக்டர், விரல் நீட்டிக் காட்டறதில்ல” என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். “கொஞ்சம் மந்தமா இருக்கான்” என்றால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இன்னொரு வாய்ப்பும் உண்டு. 16 முதல் 24 மாதத்துக்குள் பிள்ளைக்கு இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போடுகிறார்கள். உலகெங்கும் ஆட்டிசத்தைச் சல்லடை போட்டுப் பார்க்கப் பயன்படும் ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விப் பட்டியலும் 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானதுதான். ஊசிக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அன்றைக்கே நர்சம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ வளர்ச்சியைப் பற்றிக் கேட்டு, முண்டியம்பாக்கத்தில் உள்ள மாவட்ட மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக “முண்டியம்பாக்கம் போய்க் காட்டும்மா” என்றால் போதாது. சீட்டில் எழுதி, தேதியும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

முண்டியம்பாக்கத்தில் நடப்பது

ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக ‘டி.இ.ஐ.சி.’ எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அமைக்கப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். செஞ்சியிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே இறங்கி, விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்க வேண்டும். செஞ்சிக்கு இன்னும் ரயில் இல்லை. திண்டிவனம் – திருவண்ணாமலைப் பாதை வரும் வரும் என்று ஒரு தலைமுறையே காத்திருக்கிறது. ஆக, இரண்டு பஸ், ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி.

அந்த நாளுக்கு ஆயத்தமாகப் போங்கள். வெளிநோயாளி வரிசையின் இரைச்சலும், ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவதும், டெட்டால் வாசனையும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை நிலைகுலைய வைக்கும். பிடித்த பொம்மை, வீட்டுச் சோறு, தண்ணீர், காதை மூடிக்கொள்ள ஒரு குல்லாய் அல்லது துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸில் போனால் கூட்டம் சேர்வதற்குள் சீட்டுப் போட்டுவிடலாம். முடிந்தால் இரண்டு பெரியவர்கள் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு மரத்தடியில் இருக்கட்டும். பிள்ளை தரையில் விழுந்து புரண்டால் சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். ‘பெரா’ எனப்படும் அந்தச் சோதனை பிள்ளை தூங்கும்போது செய்யப்படுவது. முந்தின இரவு நேரம் கழித்துத் தூங்க வைத்துக் கூட்டிப்போனால் வேலை எளிது. பிறகு குழந்தை மருத்துவர், உளவியலாளர், மனநல மருத்துவர் ஆகியோர் பார்ப்பார்கள். தனியாரிடம் எடுத்த பழைய சோதனை முடிவுகள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள்.

கூடவே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடும்போது இரண்டு நிமிடம், பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒரு நிமிடம், தனியாக விளையாடும்போது இரண்டு நிமிடம் இருந்தால் போதும். புது இடத்தில் மிரண்டுபோன பிள்ளை டாக்டர் முன்னால் காட்டுவது ஒன்று, வீட்டுத் திண்ணையில் இருப்பது இன்னொன்று. அந்த ஐந்து நிமிட வீடியோ அரை மணி நேர விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

இங்கே சந்தேகம் தீரவில்லை என்றால், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான ஜிப்மருக்குப் போகலாம். குழந்தை மருத்துவம், மனநலம் இரண்டு துறைகளும் அங்கே உண்டு. சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் பயிற்சியும் பெற்றோருக்கான வழிகாட்டலும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. இந்த இரண்டு இடங்களுக்கும் ஒருமுறை போய் முழு மதிப்பீடு வாங்கிக்கொண்டு, வாராந்திரப் பயிற்சியை அருகில் தொடர்வதுதான் செஞ்சிக் குடும்பத்துக்கு நடைமுறைக்கு ஒத்தது.

பயிற்சியும் தூரமும்

பேச்சுப் பயிற்சி, ‘ஓ.டி.’ என்று எல்லாரும் சொல்லும் செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய மூன்றும்தான் ஆட்டிசத்துக்கு முக்கியம். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. தூக்கமின்மை, வலிப்பு, மிகுந்த துறுதுறுப்பு போன்றவற்றுக்குத்தான் மருந்து தரப்படும். ஸ்டெம்செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. நிலத்தை அடகு வைத்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி என்பது வாரத்துக்குப் பலமுறை, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது. செஞ்சியைத் தாண்டி வளத்தியிலிருந்தோ அவலூர்பேட்டையிலிருந்தோ முண்டியம்பாக்கத்துக்கு வாரம் மூன்று நாள் போய்வர எந்த நடவு வேலைக்காரக் குடும்பத்தாலும் முடியாது. சேவை இலவசம்தான், ஆனால் அதைப் போய்ச் சேர்வதற்கு நாள் கூலி போகிறது. பாதியில் பயிற்சி நின்றுபோகும் வீடுகளில் அக்கறை இல்லாமல் நிற்பதில்லை, தூரத்தால் நிற்கிறது. இதைப் பெற்றோரின் குற்றமாக எழுதி வைப்பதை அதிகாரிகள் நிறுத்த வேண்டும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் இராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் ஊருக்குச் சாலையும் விடுதியும் வரட்டும். அதோடு சேர்த்து, செஞ்சி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது பேச்சுப் பயிற்சியாளரும் ஓ.டி. பயிற்சியாளரும் வந்து உட்கார வேண்டும் என்று ஊர் மக்கள் கேட்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம், பேரூராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் கேட்கலாம். ஒரு குடும்பம் கேட்டால் அது மனு. பத்துக் குடும்பம் பெயரோடு கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கோரிக்கை.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், “வீட்டுல நாங்க என்ன செய்யணும்னு செஞ்சு காட்டுங்க, எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். பயிற்சியாளர் செய்து காட்டுவதை அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். அடுத்த முறை வரும்வரை தினமும் வீட்டில் அதைச் செய்யுங்கள். தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பிஸ்கட் டப்பாவை இறுக மூடிக் கண்ணெதிரே வைத்து, பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்து, பார்த்தவுடன் “பிஸ்கட்” என்று சொல்லித் திறந்து கொடுப்பது ஒரு பேச்சுப் பயிற்சி. குளிக்க வைக்கும்போது “கை... கால்... தலை” என்று சொல்லித் தண்ணீர் ஊற்றுவதும், துணி மடிக்கும்போது ஒரு முனையைப் பிடிக்க வைப்பதும் பயிற்சிதான். ஒரே சொல்லை, ஒரே செயலோடு, வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பது மட்டும் முக்கியம். பாட்டி ஒரு சொல், அக்கா ஒரு சொல் என்றால் பிள்ளை குழம்பும்.

ஓடவும் ஏறவும் இடம் வேண்டிய பிள்ளைகளுக்குக் கோட்டை அடிவாரம் அருமையான இடம். கூட்டம் இல்லாத வார நாள் காலையில், கல்யாண மஹால் பக்கம் திறந்த வெளியில் நடக்க விடலாம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் கிடையாது. தின்பண்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்கு பறித்தால் பிள்ளை மிரண்டுவிடும்.

சான்றிதழும் அட்டையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அவற்றில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். பயிற்சி தொடங்க இந்தச் சான்று தேவையில்லை. “சர்டிபிகேட் வந்ததும் வாங்க” என்று யாராவது சொன்னால், ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். சான்று ஒரு பக்கம் நகரட்டும், பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும்.

யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செஞ்சி இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, போட்டோ, மருத்துவக் குறிப்புகள் வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே சரிபாருங்கள். முன்னெழுத்து வேறுபட்டதற்காகவே திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் உண்டு. மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று விழுப்புரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சான்றுக்கு ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 200. மொத்தம் 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

இந்த மதிப்பீடு நடக்கும் அறையில்தான் பல அம்மாக்கள் தங்களை அறியாமல் பிள்ளையின் உரிமையைக் குறைத்துவிடுகிறார்கள். எதிரே டாக்டர், மேசை மேல் கோப்பு. “பேர் சொன்னா திரும்புவானா?” என்று கேட்கிறார். அம்மாவுக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது. “திரும்புவான் சார், வீட்ல நல்லா திரும்புவான்.” பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை, அதுவும் கையில் பிஸ்கட் கவர் சரசரத்தால்தான் திரும்புவான் என்பது சொல்லப்படாமலே போகிறது. அந்த மதிப்பெண்ணே ஒரு செயல் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை வைத்துத்தான். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் “பத்துத் தடவையில் எத்தனை தடவை” என்று மனசில் எண்ணிப் பதில் சொல்லுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தூக்கம், சாப்பாடு, கழிப்பறை, தன்னைத் தானே அடித்துக்கொள்வது, ரோட்டில் ஓடிவிடுவது என்று நீங்கள் தினமும் சமாளிக்கும் கஷ்டங்களை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடும்.

இன்னொன்று. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் இரண்டும் சான்றில் வர வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023 முதல் அது மாதம் 2,000 ரூபாய். உளவியலாளரிடம் நுண்ணறிவு மதிப்பீட்டையும் சேர்த்துச் செய்யக் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்று தற்காலிகமானதாக இருக்கலாம். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பள்ளி

ஆறு முதல் பதினெட்டு வயது வரை, 40 சதவீதச் சான்றுள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எந்த வழி என்று தேர்வு செய்வது பெற்றோர். “எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி பிள்ளைங்கள வச்சுக்க முடியாது” என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சொல்ல முடியாது. சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள்.

சேர்ப்பதோடு வேலை முடியவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் அதன் கீழ்தான் வருகிறார்கள். செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் மூன்றும் தனித்தனி ஒன்றியங்கள். செஞ்சி டவுனில் கடை வைத்திருந்தாலும் பிள்ளை படிப்பது வல்லம் ஒன்றியப் பள்ளி என்றால் வல்லம் வட்டார வள மையம்தான் உங்களுக்கு. அங்கே பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பதிவானால் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்ப்பது, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து கற்பிப்பது, பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி, ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் ஆகியவற்றைக் கேட்க முடியும்.

ஒரு சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். வாரத்தில் ஒரு மணி நேரம் வந்தாலே பெரிது. மற்ற நேரமெல்லாம் பிள்ளை வகுப்பு ஆசிரியரிடம்தான். அதனால் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். இவனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம், கோபம் வந்தால் என்ன செய்தால் அடங்குவான், சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பான், முன் வரிசைச் சுவரோரம் போதும் என்பதுபோன்ற சின்ன விஷயங்கள் ஆசிரியருக்குப் பெரிய உதவி. அந்த ஆசிரியர்களில் பலர் மனசார உதவ நினைப்பவர்கள். எப்படி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பெரிய வகுப்புக்கு வந்ததும் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குத் தேர்வு அறிவிப்புக்கு முன்பே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பதில்லை.

பஸ்ஸும் காப்பீடும்

அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. மருத்துவமனை, பயிற்சி மையம், பள்ளி போய்வரத் தனிப் பயண அட்டையும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. வெளிநோயாளிச் செலவும் தொடர் பயிற்சிச் செலவும் இதில் வரும் என்பதுதான் நமக்கு முக்கியம். ஆனால் முதலில் நாம் செலவு செய்து, ரசீது கொடுத்துத்தான் திரும்பப் பெற வேண்டும். அதனால் எந்தப் பயிற்சி மையத்திலும் பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். பதினெட்டு வயது முடிந்ததும் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். பிள்ளை பெயரில் நிலமோ வைப்புநிதியோ இருந்தால் இது கட்டாயம் தேவைப்படும்.

கோப்பும் மனுவும்

கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை வாங்கி, பிள்ளையின் பெயரை எழுதி, எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அதில் போடுங்கள். பரிந்துரைச் சீட்டு, காதுச் சோதனை முடிவு, மதிப்பீட்டு அறிக்கை, சான்று, பயிற்சிக்குப் போன நாள்கள், கொடுத்த மனுக்களின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். மூலத்தை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். நான்கு துறைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதபோது உங்கள் பிள்ளையின் முழுக் கதையும் இருக்கும் ஒரே இடம் இந்தப் பைதான்.

எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால், திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவை அழுது எழுத வேண்டாம். பிள்ளையின் பெயர், வயது, யு.டி.ஐ.டி. எண், என்ன கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது, என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் முடித்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உரிமை மீறலை விசாரிக்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. உடல்நலச் சந்தேகங்களுக்கு 104, மனசு தளர்ந்துபோகும் இரவுகளில் பேசுவதற்கு 14416 ஆகிய எண்கள் இலவசம். இரண்டாவது எண் பெற்றோருக்கும்தான். தூக்கமில்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா உடைந்துபோனால் எந்தப் பயிற்சியும் நடக்காது.

இதைப் படிக்கும் நீங்கள் பெற்றோராக இல்லாமலும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவோ, அங்கன்வாடி டீச்சராகவோ, மளிகைக் கடைக்காரராகவோ இருக்கலாம். உங்கள் தெருவில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால் அந்த அம்மாவிடம் “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லாதீர்கள். பரிந்துரைச் சீட்டு வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் இந்த வாரமே கூடப் போங்கள்.